பேசும் பெட்டியும் பேசாத பானையும்

பழனிக்கு நடந்து போகிறவர்களின் பாதையில், புளியமரங்கள் முடிந்து தென்னந்தோப்புகள் தொடங்கும் இடத்தில் ஒரு மடம் இருக்கிறது. மதியம் அங்கே யார் வந்தாலும் சோறு உண்டு. பாதயாத்திரைக்காரர்கள் வருவார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து தென்னை நார் மில்லுக்கு வேலைக்குப் போகிறவர்கள் வருவார்கள். லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு வருகிறவர்களும் உண்டு.

மடத்தை நடத்தியவர் வடிவம்மை. நாற்பது வயதுக்காரர். சிரித்தால் சமையல்கட்டிலிருந்து சாலை வரை கேட்கும்.

அவருடைய சீடர் தெய்வசிகாமணி. அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் ஞானம் தேடி வந்தவர்.

"ஞானம் இருக்கட்டுங்க ஐயா. வெங்காயம் உரிக்கத் தெரியுமா?" என்று வடிவம்மை முதல் நாளே கேட்டார்.

தெரியாது. கற்றுக்கொண்டார்.

குரு சீடரை 'ஐயா' என்று கூப்பிடுவார். சீடர் குருவை 'அம்மா' என்று கூப்பிடுவார். புதிதாக வருகிறவர்கள் தெய்வசிகாமணியின் காலில் விழப் போவார்கள். "நானில்லீங்க, அவங்க" என்று அவர் சமையல்கட்டைக் காட்டுவார். அங்கே வடிவம்மை முழங்கைவரை மாவோடு நிற்பார்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சாப்பாட்டுக்கூடத்தின் வாசலில் ஒரு பெரிய மண்பானை. வாய் குறுகலானது. அதன்மேல் நடுவில் கிழித்த சிவப்புத் துணி கட்டியிருக்கும். சாப்பிட்டவர் யாராக இருந்தாலும் கையை மூடிக்கொண்டு பானைக்குள் விட வேண்டும். மூடிய கையோடுதான் வெளியே எடுக்க வேண்டும்.

சிலர் பணம் போடுவார்கள். சிலர் ஒன்றும் போடாமல் கையை மட்டும் விட்டு எடுப்பார்கள். சிலர் தேவையானதை எடுத்துக்கொள்வார்கள். மூன்றுக்கும் அனுமதி உண்டு என்பது சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் இருக்கும். போதாததற்குப் பரிமாறுகிறவர்கள் பானைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். அதுவும் வழக்கம்.

ஒருநாள் ஒரு லாரி டிரைவர் சாப்பிட்டு முடித்துச் சட்டைப் பையைத் தட்டினார். கால்சட்டைப் பையையும் தட்டினார். முகம் வாடிப் போயிற்று.

"மன்னிச்சுக்குங்க. கையில காசே வெச்சுக்கறது இல்லீங்க. எல்லாமே போன்லதான்."

"பரவாயில்லீங்க, சும்மா கையை விட்டு எடுங்க" என்றார் தெய்வசிகாமணி.

"சும்மா எப்படீங்க?" என்று டிரைவர் கூச்சத்தோடு போய்விட்டார்.

அன்று மாலை தெய்வசிகாமணி குருவிடம் வந்தார்.

"அம்மா, ஒரு அட்டை வெச்சுடலாங்களா? போனைக் காட்டினால் போதும், பணம் வந்துடும். வந்ததும் சொல்றதுக்கு ஒரு பெட்டியும் தர்றாங்க."

"வையுங்க."

"நீங்க வேண்டாம்னு சொல்லுவீங்களோன்னு பயந்துட்டே வந்தேனுங்க."

"கொடுக்க வந்த மனுசன் எதுக்குத் தலையைத் தொங்கப்போட்டுட்டுப் போகணும்? வையுங்க ஐயா."

பானைக்கு எதிர்ச்சுவரில் அட்டை வந்தது. அதன் கீழே பெட்டி உட்கார்ந்தது.

முதல் நாள் கூடம் நிறைய ஆட்கள். ஒருவர் போனைக் காட்டினார்.

"ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" என்றது பெட்டி, கணீரென்ற பெண்குரலில்.

வாய்க்குப் போன கவளங்கள் பாதியில் நின்றன. வடிவம்மை கரண்டியோடு ஓடி வந்தார்.

"யாருங்க அது?"

"பெட்டிங்கம்மா."

வடிவம்மை குனிந்து பெட்டியைப் பார்த்தார். இன்னொருவர் போனைக் காட்டினார்.

"இருபது ரூபாய் பெறப்பட்டது."

"அடடா, என்ன குரல்! நல்ல புள்ள" என்று வடிவம்மை அதைத் தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

தேங்காய் மண்டி ரத்தினசபாபதியும் அரிசி மண்டி குழந்தைவேலுவும் பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள். மதியச் சாப்பாட்டுக்கு மடத்துக்குத்தான் வருவார்கள். ஒருநாள் ரத்தினசபாபதி போனைக் காட்டினார்.

"நூற்றியொரு ரூபாய் பெறப்பட்டது."

அவர் கூடத்தை ஒருமுறை பெருமையாகப் பார்த்தார். பின்னாலேயே குழந்தைவேலு போனைக் காட்டினார்.

"இருநூற்றியொரு ரூபாய் பெறப்பட்டது."

"ஓஹோ!" என்றார் ரத்தினசபாபதி. மறுபடியும் போனை எடுத்தார்.

"முந்நூற்றியொரு ரூபாய் பெறப்பட்டது."

"ஐயா, அந்தப் பெட்டிக்குச் சத்தம் கம்மியா இருக்குதே. கொஞ்சம் கூட்டி வையுங்களேன்" என்றார் குழந்தைவேலு.

"ஏன், உனக்குக் காது கேக்கலையா?" என்றார் ரத்தினசபாபதி.

"எனக்குக் கேக்குது. ரோட்டுல போறவங்களுக்குக் கேக்கணுமில்ல?"

கூடமே சிரித்தது. இப்படியே அந்த மழைக்காலத்துக்குள் மடத்துக் கூரை புதிதாகி விட்டது. வருடக்கணக்காக ஒழுகிய இடத்தில் ஒரு சொட்டும் விழவில்லை. வடிவம்மை அந்த இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, குழந்தை மாதிரி கைதட்டினார்.

எல்லாரும் போனில் போட்டதால் பானையில் யாரும் போடவில்லை. அதையும் தெய்வசிகாமணி யோசித்து வைத்திருந்தார். வங்கி இயந்திரத்தில் பணம் எடுத்து வருவார். அது ஐந்நூறு ரூபாய்த் தாளாகவே தள்ளும். அதை மடத்து வாசலில் நிற்கும் மினி பஸ்ஸின் கண்டக்டர் லோகுவிடம் கொடுத்துப் பத்தும் இருபதுமாக மாற்றுவார். மடித்து மடித்துப் பானையில் போடுவார்.

அடுத்த முறை போடப் போனபோது பானையில் கை இறங்கவில்லை. போட்டது அப்படியே இருந்தது. அதற்கு அடுத்த முறையும் அப்படியே இருந்தது.

"அம்மா, யாருக்கும் கஷ்டமே இல்லாமப் போச்சு போலீங்க. பானை குறையவே இல்லை" என்றார், சந்தோஷமாக.

வடிவம்மை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"நல்ல சேதிதான். நிஜந்தானான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க."

புதன்கிழமைகளில் மாசிலாமணி என்பவர் தம் மகளோடு மடத்துக்கு வருவார். நார் மில்லில் கூலிவேலை. மகள் கனிஷ்காவுக்கு ஏழு வயது. இடது காலில் பட்டையும் கம்பியும் கட்டியிருக்கும். அரசு ஆஸ்பத்திரியில் அந்தக் காலுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். காசு வாங்குவதில்லை. ஆனால் ஒரு வாரம்கூட விடக்கூடாது. விட்டால் நீண்டது மறுபடி மடங்கிக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். புதன்கிழமை மாசிலாமணிக்குக் கூலி கிடையாது. இருவரும் மடத்தில் சாப்பிடுவார்கள். பிறகு வாசலிலேயே மினி பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்.

கனிஷ்கா தெய்வசிகாமணிக்குத் தோழி.

"தாத்தா, பாருங்க, போன வாரம் இவ்வளவுதான் நீண்டுச்சு. இந்த வாரம் இவ்வளவு" என்று காலை நீட்டிக் காட்டுவாள்.

"அடேயப்பா! அடுத்த வாரம் பழனி வரைக்கும் நீண்டுடும் போலிருக்கே."

"அப்புறம் நான் நடக்கவே வேண்டாம். இங்கிருந்தே காலை நீட்டிச் சாமியைத் தொட்டுருவேன்."

"காலாலயா தொடுவாங்க? கழுதை!" என்று மாசிலாமணி அதட்டுவார். அதட்டும்போதே சிரிப்பு வந்துவிடும்.

அந்தப் புதன்கிழமை தெய்வசிகாமணி முற்றத்தில் இலைகளை உலர்த்திக்கொண்டிருந்தார். மாசிலாமணியும் கனிஷ்காவும் சாப்பிட்டு வெளியே வந்தார்கள். மினி பஸ் நின்றது. அவர்கள் ஏறவில்லை. வந்த வழியே திரும்பி நடந்தார்கள்.

"பாப்பா! ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"

"பஸ்ஸுக்குக் காசு..." என்று கனிஷ்கா ஆரம்பித்தாள்.

"இன்னிக்கு டாக்டர் லீவுங்க" என்றார் மாசிலாமணி. அவர் தெய்வசிகாமணியின் முகத்தைப் பார்க்கவில்லை.

தெய்வசிகாமணிக்குப் புரிந்தது. பானை நிறையப் பணம் வாசலில் இருந்தது. அதைத் தாண்டித்தான் மாசிலாமணி வந்திருந்தார். ஏன் எடுக்கவில்லை என்பது மட்டும் புரியவில்லை.

அந்த வாரம் முழுவதும் அந்தக் கால் மடங்கிக்கொண்டிருப்பதாகவே அவருக்குத் தோன்றிற்று. அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். போனை எடுத்தார். கண்டக்டர் லோகுவுக்கு ஒரு மாதத்து பஸ் கட்டணத்தை மொத்தமாக அனுப்பினார். 'மாசிலாமணிக்கும் அவர் மகளுக்கும்' என்று கீழே எழுதவும் மறக்கவில்லை. மனசு லேசானது.

அடுத்த புதன்கிழமை மினி பஸ் வந்து நின்றது. உள்ளே கூட்டம். பாதிப்பேர் நார் மில் ஆட்கள். லோகு நல்ல பையன். தொண்டை மட்டும் பெரிது.

"மாசிலாமணி அண்ணா! மடத்துல இருந்து உங்களுக்கு ஒரு மாசத்துக்குக் காசு கட்டிட்டாங்க! பாப்பாவத் தூக்கிட்டு ஏறுங்க! சும்மா ஏறுங்க!"

பஸ் ஜன்னல்களில் தலைகள் திரும்பின.

மாசிலாமணி ஒரு காலைப் படியில் வைத்திருந்தார். அதை எடுத்துக் கீழே வைத்தார். மகளைத் தோளில் தூக்கிக்கொண்டார். வந்த வழியே நடந்தார். கனிஷ்கா தோளுக்கு மேலே தலையைத் தூக்கி, போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே போனாள்.

தெய்வசிகாமணி சமையல்கட்டுக்குள் ஓடினார்.

"அம்மா, அந்தப் பெட்டியைத் தூக்கி வீசிடறேனுங்க."

"பெட்டி என்னங்க ஐயா பண்ணுச்சு?"

அவர் நடந்ததைச் சொன்னார்.

"பாப்பா ஆஸ்பத்திரிக்குப் போய் ரெண்டு வாரம் ஆச்சுங்கம்மா. இனி அவர் சோத்துக்குக்கூட இங்க வரமாட்டார். நான் நல்லதுதானே நெனச்சேன்?"

"நல்லதுதான் நெனச்சீங்க. லோகுவுக்கு அது இன்னாருக்குன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"நான்தான் பேரு போட்டு அனுப்பினேனுங்க. பேரு போடாமல் எப்படி அனுப்பறது?"

வடிவம்மை கையைத் துடைத்துக்கொண்டு பானைக்குப் போனார். ஒரு பத்து ரூபாய்த் தாளை எடுத்து வந்தார்.

"இது யாரு போட்டது?"

"நானுங்க."

"உங்களுக்கு முன்னாடி யார்கிட்ட இருந்தது?"

"லோகுகிட்ட."

"லோகுவுக்கு முன்னாடி?"

"பஸ்ஸுல வந்தவங்க யாராவது."

"யாரு?"

"அது எப்படீங்கம்மா தெரியும்?"

"சரி. உங்க போன்ல நேத்து யாரு பணம் போட்டாங்க?"

தெய்வசிகாமணி போனைத் திறந்தார். "ரத்தினசபாபதி. ஒரு நிமிஷம் கழிச்சுக் குழந்தைவேலு. மறுபடியும் ரத்தினசபாபதி."

"போன மாசம்?"

அவர் விரலால் தள்ளித் தள்ளிப் படித்தார். பேர்கள் வந்துகொண்டே இருந்தன. மணி என்ன, நிமிடம் என்ன என்பதுகூட இருந்தது.

"அம்மாடி! என்ன ஞாபகம், என்ன ஞாபகம்!" வடிவம்மை உண்மையாகவே வியந்தார். பிறகு பத்து ரூபாய்த் தாளை முகத்தருகே பிடித்துப் பார்த்தார். "இதுக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லை. அழுக்கு மட்டுந்தான் இருக்குது."

தாளை மடித்துச் சீடரிடம் கொடுத்தார்.

"அப்போ பெட்டியை எடுத்துடட்டுங்களா?"

"கூரை ஒழுகாம நிக்கறது யாராலங்க?"

"பெட்டியாலதாங்க."

"அப்ப அது இருக்கட்டும். அந்த லாரிக்காரர் வந்தா எங்க போடுவார்?"

"பெட்டியும் இருக்கணும், பானையிலயும் பணம் இருக்குது. அப்புறம் ஏங்கம்மா யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க?"

"முன்னாடி பானைக்குள்ள யாரு யாரு கை போச்சு?"

"எல்லாரு கையும் போச்சுங்க."

"இப்போ?"

"போடறவங்க எல்லாம் எதிர்ச்சுவத்துக்குப் போயிடறாங்க. பானைக்கு வர்றது, எடுக்க வர்ற கை மட்டும்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். பானையைப் பார்த்தார். எதிர்ச்சுவரைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் கூடம் முழுவதும் ஆட்கள் உட்காரும் இடம் இருந்தது.

வடிவம்மை அடுப்பின்மேல் ஒரு சட்டியை ஏற்றினார். திரும்பாமலே கேட்டார்.

"ஐயா, கடலை வறுக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"வாங்க."

மணலில் கடலை வறுத்தார்கள். தோல் போகப் புடைத்தார்கள். வெல்லம் காய்ச்சினார்கள். பாகு சூடாக இருக்கும்போதே உருட்ட வேண்டும். தெய்வசிகாமணி உள்ளங்கையை ஊதி ஊதிக் குதித்தார்.

"சுடுதுங்கம்மா!"

"ஆறிட்டா உதிர்ந்துடும். உருட்டுங்க."

அவர் உருட்டியவை உருண்டையாக இல்லை. சில முட்டை மாதிரி இருந்தன. ஒன்று மாங்காய் மாதிரியே இருந்தது. வடிவம்மை அதைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். வெகுநேரம் கழித்துத் தெய்வசிகாமணிக்கும் சிரிப்பு வந்தது.

எல்லாவற்றையும் காகிதத்தில் சுற்றினார்கள். மடித்த நோட்டுகளோடு கலந்து பானைக்குள் போட்டார்கள்.

மறுநாள் மதியம் பந்தி உட்கார்ந்ததும் வடிவம்மை கூடத்தின் நடுவில் வந்து நின்றார்.

"இன்னியிலிருந்து பானைக்குள்ள கடலை உருண்டை இருக்குதுங்க. சாப்பிட்டவங்க எல்லாரும் கைவிட்டு எடுத்துக்கணும். எடுக்காமப் போனா எனக்குக் கோவம் வரும். பழைய வழக்கந்தான். கை மூடிப் போகணும், மூடி வரணும்."

"பணம் எங்கங்க போடறது?" என்று கேட்டார் ரத்தினசபாபதி.

"உங்க புள்ள அங்க உக்காந்திருக்குதே, அதுகிட்டயே போடுங்க. அது வாங்கிக்கும். அப்புறம் இங்க வந்து எடுத்துக்குங்க."

ரத்தினசபாபதி போட்டார். பெட்டி சொல்லிற்று. பிறகு பானைக்கு வந்து கையை விட்டார். கை உள்ளே போயிற்று. வெளியே வரவில்லை.

"அம்மா, கை மாட்டிக்கிச்சு."

"எத்தனை எடுத்தீங்க?"

"ஒண்ணுதாங்க."

இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

"ஒண்ணும்... இன்னொண்ணும்."

"அந்த இன்னொண்ணை விட்டுடுங்க."

கை வந்தது. கூடம் அதிர்ந்தது. குழந்தைவேலு கையை விட்டு உடனே வெளியே எடுத்துக் காட்டினார்.

"பாத்தியா, எனக்கு எவ்வளவு சுலபமா வந்துச்சு!"

"உன் கை சின்னக் கை. அரிசி அளக்கும்போதே பாத்திருக்கேன்."

குழந்தைகள் வரிசையில் நின்று, பானைக்குள் கையை விட்டுத் துழாவி, பெரியதாக ஒன்றைத் தேடினார்கள். யாத்திரைக்காரர்கள் எடுத்தார்கள். மில் ஆட்கள் எடுத்தார்கள். லாரி டிரைவர்கள் எடுத்தார்கள். சிலர் சட்டென்று எடுத்தார்கள். சிலருக்கு நேரம் பிடித்தது. நேரம் பிடித்தவர்களைப் பார்த்து, "மாங்காய் உருண்டையைத் தேடறீங்களா?" என்று பின்னால் நின்றவர்கள் கேலி செய்தார்கள்.

அந்த வாரக் கடைசியில் தெய்வசிகாமணி நோட்டு போடப் போனார். கை ஆழமாக இறங்கிற்று. அடியில் மண் தட்டுப்பட்டது. அவர் லோகுவைத் தேடிப் போய் இன்னும் கொஞ்சம் சில்லறை வாங்கி வந்தார்.

ஆனால் புதன்கிழமை மாசிலாமணி வருவாரா என்பது தெரியவில்லை. தெய்வசிகாமணி தினமும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நாம போய்க் கூப்பிடலாங்களா?"

"பஸ்ஸுல கூப்பிட்டது பத்தலீங்களா? இன்னும் ரெண்டு கூடை கடலை வறுங்க ஐயா. ஊரு முழுக்கப் புள்ளைங்க பையில உருண்டை இருக்கணும்."

அவர் வறுத்தார். புதன்கிழமை வந்தது. பந்தி பாதி முடிந்திருந்தது. வாசலில் கனிஷ்காவின் குரல் கேட்டது.

"இங்கதாம்ப்பா! பள்ளிக்கூடத்துல எல்லாரும் இங்கிருந்துதான் கொண்டாறாங்க! நான் மட்டுந்தான் இன்னும் எடுக்கல!"

மாசிலாமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். வடிவம்மை அவரை எல்லாரையும் பார்ப்பது போலத்தான் பார்த்தார்.

"எலை போட்டாச்சு. உக்காருங்க."

உட்கார்ந்தார். சாப்பிட்டார். தலை நிமிரவில்லை. ஆனால் காதுகள் கேட்டுக்கொண்டுதானே இருக்கும்? பெட்டி பேசுகிறது. பானைப் பக்கம் சிரிப்பு கேட்கிறது. அவர் மெல்லத் தலையைத் தூக்கினார். மில் மேஸ்திரி பானைக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் குழந்தைவேலு. அதற்குப் பின்னால் ஒரு போலீஸ்காரர்.

மினி பஸ் வந்து நின்றது. லோகு உள்ளே வந்து, நேராக எதிர்ச்சுவருக்குப் போய்ப் போனைக் காட்டினான்.

"நானூற்று எண்பது ரூபாய் பெறப்பட்டது."

"யாரு யாரு?" என்று இரண்டு மண்டிக்காரர்களும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள்.

லோகு தெய்வசிகாமணியின் அருகில் வந்து, தன் வாழ்நாளிலேயே முதன்முறையாக மெல்லப் பேசினான். "நீங்க கட்டினதுங்க ஐயா. திருப்பிப் போட்டுட்டேன். அன்னிக்கு நான் கத்தியிருக்கக் கூடாது."

"நானும் எழுதியிருக்கக் கூடாது, தம்பி."

லோகு வரிசையில் நின்றான். அவனுக்குப் பின்னால் கனிஷ்கா. அவளுக்குப் பின்னால் மாசிலாமணி.

லோகு வேண்டுமென்றே வெகுநேரம் துழாவினான்.

"சீக்கிரம் எடுங்கண்ணா" என்றாள் கனிஷ்கா.

"இரு பாப்பா, எனக்குப் பெருசா வேணும்."

மூடிய கையோடு வெளியே எடுத்தான். கனிஷ்கா எக்கினாள். கம்பி கட்டிய காலும் சேர்ந்து எம்பியது. கை தோள்வரை பானைக்குள் போயிற்று.

"இருக்குது! இருக்குது! நிறைய இருக்குது!"

தெய்வசிகாமணி வழக்கப்படி பானைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். துடைத்த இலையையே மறுபடி துடைத்தார். பின்னால் காகிதம் சரசரத்தது. கனிஷ்கா கை எடுத்துவிட்டாள். பிறகு சத்தம் இல்லை. மறுபடியும் காகிதம் சரசரத்தது. அது கொஞ்ச நேரம் நீடித்தது. யாரோ பின்வரிசையில், "மாங்காய் உருண்டை சிக்கிச்சுங்களா?" என்றார்கள்.

"தேடிட்டு இருக்கேனுங்க" என்றது மாசிலாமணியின் குரல். அதில் சிரிப்பு இருந்தது.

வெளியே ஹாரன் அடித்தது. "ஏறுங்க ஏறுங்க! டிக்கெட் டிக்கெட்!" என்று லோகுவின் பெரிய தொண்டை எல்லாருக்கும் பொதுவாகக் கத்திற்று.

தெய்வசிகாமணி முற்றத்துக்கு ஓடினார். மினி பஸ் ஆஸ்பத்திரி இருக்கும் திசையில் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலில் ஒரு சின்னக் கை. அதில் பாதி கடித்த உருண்டை. அது அவரைப் பார்த்து ஆடிற்று.

பஸ் தென்னைகளுக்குப் பின்னால் மறையும்வரை அவர் இரண்டு கைகளையும் ஆட்டினார். பிறகு உள்ளே வந்தார். கூடம் காலியாகியிருந்தது. வடிவம்மை பானையின் சிவப்புத் துணியை நேராக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா! போயிட்டாங்க! ஆஸ்பத்திரிக்கே போயிட்டாங்க!"

"அப்படீங்களா?" வடிவம்மையின் முகம் மலர்ந்தது.

"நான் திரும்பித்தாங்க நின்னேன். அவர் எடுத்தாருங்களாம்மா?"

வடிவம்மை பானையை இரண்டு கையாலும் பிடித்து, அதன் வாயை அவர் பக்கமாகச் சாய்த்தார்.

"எல்லாரும் எடுத்தாங்க ஐயா. நீங்க ஒருத்தர்தான் இன்னும் எடுக்கலை."